பாட்டுத் தொகுப்பா, ஆல்பமா? மார்வின் கேயின் 35 நிமிடங்கள்

முதலில் காதில் விழுவது பேச்சுச் சத்தம். ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த நாலைந்து ஆண்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் குசலம் விசாரிப்பது போல இருக்கும். யார் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடுவதற்குள் அதன் மேல் ஒரு சாக்ஸபோன் வழிந்து இறங்கும். அப்புறம் ஒரு ஆண் குரல், சத்தமே போடாமல், அம்மாவைக் கூப்பிட்டுப் பேச ஆரம்பிக்கும். எத்தனையோ தாய்மார்கள் அழுகிறார்கள் என்று சொல்லும்.

1971 மே 21 அன்று வெளிவந்த ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்ற ஆல்பத்தின் தொடக்கம் இது. பாடியவர் மார்வின் கே. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையைக் கேட்டே இராதவர்கள் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. நான் முதலில் இதைப் போனில், பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிள் முறையில் கேட்டேன். ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று அலுப்புதான் வந்தது. தப்பு என் மேல். இது ஆல்பமாக இருக்க, நான் பாட்டுப் பாட்டாகப் பிய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரி, ஆல்பம் என்றால் என்ன? நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கல்யாண ஆல்பம்தான் நினைவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், இசைக்கும் அந்தப் பெயர் கிட்டத்தட்ட அப்படித்தான் வந்தது. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான ஒரு இசையைக் கேட்க வேண்டுமானால் பல தட்டுகள் வேண்டும். அவற்றைக் காகித உறைகளில் செருகி, புத்தகம் போல பைண்டு செய்து விற்றார்கள். பார்க்க போட்டோ ஆல்பம் மாதிரியே இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொள்ளும் அது வந்ததும் அந்தப் புத்தகமே ஒரு தட்டுக்குள் அடங்கிவிட்டது. அடுத்த வருடமே ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுழற்சிச் சின்னத் தட்டை இறக்கியது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. இதற்குப் பெயர் சிங்கிள்.

அறுபதுகளின் அமெரிக்கக் கறுப்பின இசையில் காசு சிங்கிளில்தான் இருந்தது. வானொலியில் ஓடுவதும், இளவட்டங்கள் கைக்காசு போட்டு வாங்குவதும் அதைத்தான். ஆல்பம் என்பது பெரும்பாலும் ஓடிய இரண்டு சிங்கிள்களோடு, ஓடாத எட்டுப் பாட்டைச் சேர்த்துக் கட்டிய மூட்டை.

இனி சோல். சொல்லுக்குப் பொருள் ஆன்மா. ஆனால் பெயரை வைத்து இது பக்திப் பாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பாடும் காஸ்பல் இசையில் சில பழக்கங்கள் உண்டு. ஒருவர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் பதில் பாடும். ஒரே எழுத்தைப் பல ஸ்வரங்களில் இழுத்துச் சுழற்றுவார்கள். உணர்ச்சி முற்றும்போது வார்த்தை போய் வெறும் முனகலும் கூவலுமாக ஆகிவிடும். ஐம்பதுகளில் ரே சார்ல்ஸ், சாம் குக் போன்றவர்கள் இந்தப் பழக்கங்களை அப்படியே எடுத்துவந்து காதலுக்கும் பிரிவுக்கும் பாடினார்கள். கடவுளுக்குப் போக வேண்டிய பாட்டு காதலிக்குப் போகிறதே என்று தேவாலயக்காரர்கள் சிலர் கோபப்பட்டார்கள். மார்வின் கேயின் அப்பாவே போதகர்தான். 1939இல் வாஷிங்டனில் பிறந்த மார்வின், சிறுவயதிலேயே அப்பாவின் சபையில் பாடி வளர்ந்தவர்.

அவர் வேலை பார்த்த இடம் டெட்ராய்ட் நகரத்தின் மோடவுன் நிறுவனம். டெட்ராய்ட் என்றால் கார். அங்கே லிங்கன்-மெர்குரி தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி என்பவர், குடும்பத்தின் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி 1959இல் தொடங்கிய நிறுவனம் அது. வெஸ்ட் கிராண்ட் பூலவார்ட் சாலையில் ஒரு சாதாரண வீடு. அதன் பின்பக்க அறையே ஸ்டுடியோ. இசைக்காரர்கள் அதைப் ‘பாம்புக்குழி’ என்று கூப்பிட்டார்கள். கார்த் தொழிற்சாலை வரிசையில் வெறும் சட்டமாக நுழைவது மறுமுனையில் காராக வெளியே போவதைப் பார்த்த கோர்டி, பாடகர்களையும் அப்படியே உருவாக்கலாம் என்று கணக்குப் போட்டார். பாட்டு எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, நடனமும் மேடை நடத்தையும் சொல்லித்தர ஒரு குழு. கடைசியில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம். பெயரே அதுதான். எந்தப் பாட்டு வெளியே போகலாம் என்று அங்கே ஓட்டெடுப்பு நடக்கும்.

இந்த முறை அபாரமாக வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எப்போதும் சரியாக முடிவெடுக்கவில்லை. மார்வின் பாடிய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ பாட்டை முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய கூட்டம் அதுவேதான். வேறு வழியில்லாமல் ஒரு ஆல்பத்துக்குள் தள்ளிய அந்தப் பாட்டை வானொலிக்காரர்கள் தாமாகத் தோண்டி எடுத்து ஒலிபரப்பினார்கள். 1968 கடைசியில் அது சிங்கிளாக வந்து ஏழு வாரம் நாட்டின் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

வெளியே இப்படி வெற்றி. உள்ளே மனிதர் நொறுங்கிக்கொண்டிருந்தார். அவரோடு ஜோடிப் பாடல்கள் பாடிய டாமி டெரெல் 1967இல் மேடையிலேயே மயங்கி மார்வினின் கைகளில் சரிந்தார். மூளையில் கட்டி. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 1970 மார்ச்சில் 24 வயதில் இறந்துபோனார். மார்வின் மேடை ஏறுவதை நிறுத்தினார். முதலாளி கோர்டியின் அக்கா அன்னாதான் மார்வினின் மனைவி. அந்த மணவாழ்க்கையும் ஆட்டம் கண்டிருந்தது. தம்பி ஃபிராங்கி வியட்நாம் போருக்குப் போய்த் திரும்பி, பார்த்ததையெல்லாம் அண்ணனிடம் சொன்னார். டெட்ராய்ட் நகரமோ 1967 ஜூலைக் கலவரத்தில் 43 உயிர்களைப் பறிகொடுத்திருந்தது. நடுவில் ஒரு கிறுக்குத்தனமான திருப்பம்: பாட்டே வேண்டாம், அமெரிக்கக் கால்பந்து ஆடப் போகிறேன் என்று மார்வின் உடற்பயிற்சியில் இறங்கினார். முப்பது வயதைத் தாண்டிய பாடகரை டெட்ராய்ட் லயன்ஸ் அணி சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் மெல் ஃபார், லெம் பார்னி என்ற இரண்டு ஆட்டக்காரர்கள் நல்ல நண்பர்களாகிவிட்டார்கள். ஆல்பத்தின் முதல் நொடிகளில் குசலம் விசாரிக்கிறார்களே, அந்தக் குரல்களில் இவர்களும் உண்டு.

அந்த முதல் பாட்டின் விதை டெட்ராய்டில் விழவில்லை. மோடவுனின் ஃபோர் டாப்ஸ் பாடகர் குழுவைச் சேர்ந்த ஓபி பென்சன் 1969 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போயிருந்தபோது, மக்கள் பூங்கா ஒன்றுக்காகப் போராடிய இளைஞர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியதைப் பார்த்தார். என்னதான் நடக்கிறது இங்கே என்ற கேள்வி மனதில் தங்கிவிட்டது. அல் கிளீவ்லண்ட் என்ற பாடலாசிரியரோடு சேர்ந்து அதைப் பாட்டாக்கினார். அவருடைய குழுவினரே இது எதிர்ப்புப் பாட்டு, வேண்டாம் என்றுவிட்டார்கள். பென்சன் அதை மார்வினிடம் கொண்டுபோனார். மார்வின் மெட்டைக் கொஞ்சம் திருத்தினார், வரிகளைச் சேர்த்தார். முதலில் வேறொரு குழுவுக்குக் கொடுக்கத்தான் நினைத்தார். நீயே பாடு என்று பென்சன் விடாமல் நச்சரித்தார்.

1970 ஜூனில் ஒலிப்பதிவு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தப் பாட்டின் அழகில் பாதி தற்செயலாக வந்தது.

முதலில் அந்த சாக்ஸபோன். வாசித்தவர் ஈலை ஃபான்டெய்ன். ஒலிப்பதிவுக்கு முன்னால் கருவியைச் சூடேற்ற, ஏதோ மனம் போனபடி ஊதிப் பார்த்தார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. போதும், வேண்டியது கிடைத்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்றார் மார்வின். நான் சும்மா விளையாடிக்கொண்டிருந்தேன் என்று அவர் சொல்ல, அந்த விளையாட்டுதான் பிரமாதம் என்று பதில் வந்ததாம்.

அடுத்தது பேஸ் கிட்டார். கேட்டுப் பழகாதவர்களுக்கு: பாட்டின் அடியில், தரை அதிர்வது போல வரும் கனத்த ஒலிதான் அது. மெட்டைப் பாடகர் சுமப்பார், நடையைத் தாளவாத்தியம் சுமக்கும், இரண்டையும் தைத்து வைக்கும் நூல் பேஸ். அதை வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், வலது கை ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே தந்திகளை மீட்டுபவர். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயர்கூட உண்டு. அன்று இரவு அவரை ஏதோ ஒரு மதுக்கூட மேடையிலிருந்து தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார் மார்வின். நாற்காலியில் நேராக உட்கார முடியாத அளவுக்குப் போதை. தரையில் மல்லாந்து படுத்தார். இசைக்கோவை அமைத்த டேவிட் வான் டி பிட் எழுதி வைத்திருந்த ஸ்வரக் குறிப்பைப் பார்த்தபடியே வாசித்து முடித்தார் என்பார்கள். பாட்டைப் போட்டு, மார்வினை மறந்துவிட்டு, அடியில் போகும் அந்தக் கோட்டை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து பாருங்கள். ஒரு வரியை வாசித்தது போல இன்னொரு வரியை வாசித்திருக்க மாட்டார். படுத்துக்கொண்டு வாசித்த கை என்று நம்ப முடியாது.

மூன்றாவது, மார்வினின் குரல். மார்வின் பாட்டை இரண்டு தடவை தனித்தனியாகப் பாடிவிட்டு, எது நன்றாக இருக்கிறது என்று ஒப்பிட இரண்டையும் கேட்டார். ஒலிப்பதிவாளர் இரண்டையும் ஒரே டேப்பில் கொண்டுவந்திருந்ததால், இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்துவிட்டன. ஒரு மார்வின் கொஞ்சம் முந்த, இன்னொரு மார்வின் பின்னால் வந்து ஆமோதிப்பது போல இருந்தது. இதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவாயிற்று. தேவாலயத்தில் ஒருவர் எடுத்துக் கொடுக்க கூட்டம் பதில் பாடும் என்று சொன்னேனே, இங்கே எடுத்துக் கொடுப்பவரும் கூட்டமும் ஒரே ஆள். அவருடைய பிந்தைய பாடல்கள் பலவற்றில் இந்த உத்தி இருக்கும்.

பாட்டு கோர்டிக்குப் பிடிக்கவில்லை. மோடவுன் தன்னை ‘இளைய அமெரிக்காவின் ஓசை’ என்று சொல்லிக்கொண்டது. வெள்ளையர், கறுப்பர் இரண்டு வீட்டிலும் நுழையக்கூடிய இசை வேண்டும், யாரையும் முகம் சுளிக்க வைக்கக் கூடாது. பெண்களின் கனவு நாயகனாக வளர்த்து வைத்த ஆள் போரையும் போலீஸையும் பற்றிப் பாடினால் பிழைப்பு என்னாவது என்ற பயம். கோர்டியை வில்லனாக்கிப் பேசுவது எளிது. எனக்கு அவர் பயத்தில் நியாயம் தெரிகிறது. கறுப்பர் ஒருவர் நடத்தும் நிறுவனத்துக்கு அந்தக் காலத்தில் ஒரு தவறான அடி எவ்வளவு விலை வைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மார்வினும் இறங்கி வரவில்லை. இது வெளியே வரும் வரை வேறு எதையும் பாட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மாதங்கள் ஓடின. கிறிஸ்துமஸ் போய் விற்க மார்வினின் புதுச் சரக்கு எதுவும் கையில் இல்லாத நிலையில், நிறுவனத்தின் மேலாளர்கள் சிலர் துணிந்து 1971 ஜனவரியில் சிங்கிளை வெளியிட்டார்கள், கோர்டிக்குத் தெரியாமலேயே. முதலில் அடித்த ஒரு லட்சம் தட்டுகள் பறந்துபோயின. கையோடு இன்னொரு லட்சம். பொதுப் பட்டியலில் இரண்டாம் இடம், கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம். கோர்டி மார்வின் வீட்டுக்கே வந்து, சீக்கிரம் ஒரு ஆல்பம் முடித்துக்கொடு, இஷ்டம் போலச் செய்துகொள் என்றார்.

மார்ச் மாதப் பின்பாதியில் ஏறக்குறைய பத்து நாளில் மற்ற பாடல்கள் பதிவாயின. தயாரிப்பாளரும் மார்வினே. தொழிற்சாலையில் வேலைக்காரன் தானே வடிவமைப்பாளனாகவும் ஆகிவிட்டான். ஆல்பம் என்ற சொல்லுக்கு எடை வருவது இங்கேதான். மொத்தம் ஒன்பது பாட்டு, 35 நிமிடம் சொச்சம். முதல் பக்கத்தில் பாட்டுக்குப் பாட்டு இடைவெளியே கிடையாது. ஒரு பாட்டு முடிகிறதே என்று நினைக்கும்போது தாளம் நிற்காமல் அடுத்ததற்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். முதல் பாட்டில் வந்த மெட்டுத் துணுக்கு வேறு இடத்தில் வேறு வார்த்தையோடு தலைகாட்டும். ஷஃபிளில் எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்ததற்குக் காரணம் இதுதான். ஒரே துணியைத் துண்டு துண்டாக வெட்டிவிட்டு, ஏன் எல்லாம் ஒரே நிறம் என்று கேட்டிருக்கிறேன்.

துணியில் ஒரு கதையும் ஓடுகிறது. இரண்டாவது பாட்டு, போரிலிருந்து வீடு திரும்பிய ஒருவனின் பேச்சு. தம்பி ஃபிராங்கியை மனதில் வைத்து மார்வின் எழுதியது. நாம் முன்பு நடனம் ஆடப் போன இடங்களில் இன்னும் ஆட்டம் நடக்கிறதா, நம் பேஸ்பால் அணி இந்த முறை ஜெயிக்குமா என்று விசாரிக்கிறான். நடுவே வேலை எங்குமே கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். அழுகை கிடையாது, ஆவேசமும் கிடையாது. மூன்றாவது பாட்டில் போதை மருந்து. அப்புறம் குழந்தைகள், கடவுள். முதல் பக்கம் சுற்றுச்சூழலில் முடிகிறது: கடலில் எண்ணெய், மீனில் பாதரசம். முதல் புவி நாள் கொண்டாடி ஒரு வருடம்தான் ஆகியிருந்த காலம் அது. இவ்வளவு கசப்பையும் வயலின்களும் தாலாட்டுப் போன்ற குரலும் சுமந்துகொண்டு போகின்றன. அந்த வயலின்கள் எனக்குச் சில இடங்களில் கொஞ்சம் சர்க்கரை தூக்கலாகத் தெரியும். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டும் தேவைக்கு மேல் நீளம்.

அட்டையைச் சொல்லாமல் விட முடியாது. டெட்ராய்ட் வீட்டின் பின்கட்டில், பனித் தூறல் விழும்போது எடுத்த படம். மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார் மார்வின். தாடியிலும் தலைமுடியிலும் துளிகள். சிரித்த முகப் பாடகர்களை விற்றுவந்த நிறுவனத்துக்கு இது புதுசு. உள்ளே இன்னொரு புதுமை: பத்து வருடமாகப் பெயரே இல்லாமல் மோடவுனின் அத்தனை வெற்றிகளுக்கும் வாசித்துக்கொண்டிருந்த ஃபங்க் பிரதர்ஸ் இசைக்காரர்களின் பெயர்கள் அச்சாகியிருந்தன. தரையில் படுத்து வாசித்த ஜேமர்சனின் பெயரும்.

மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? வாங்கித் தீர்த்தார்கள். பொது ஆல்பம் பட்டியலில் ஆறாம் இடம், சோல் பட்டியலில் முதலிடம். மூன்று சிங்கிள்கள் முதல் பத்துக்குள். விமர்சகர்கள் பெரும்பாலும் பாராட்டினாலும், பெயர் பெற்ற ஒருவர் பின்னணி வயலின்களை வெளுத்து வாங்கினார். கிராமி விருது எதுவும் கிடைக்கவில்லை. மார்வினுக்கு முதல் கிராமி 1983இல்தான் வந்தது, அதுவும் முற்றிலும் வேறு மாதிரியான ஒரு பாட்டுக்கு. 1972 மே 1 அன்று சொந்த ஊர் வாஷிங்டன் அவர் பெயரில் ஒரு நாளே கொண்டாடியது. அன்று கென்னடி சென்டரில் ஆல்பம் முழுவதையும் பாடினார். வருடக்கணக்காக மேடையை ஒதுக்கியவர் ஏறிய மேடை அது.

மோடவுனுக்குள்ளும் பூட்டு உடைந்தது. 21 வயதான ஸ்டீவி வொண்டர் தன் இசை மீது தனக்கே அதிகாரம் கேட்டுப் புது ஒப்பந்தம் வாங்கினார். பாடகர் தன் ஆல்பத்தைத் தானே செதுக்கலாம் என்பது கறுப்பின இசையில் வழக்கமாக ஆரம்பித்தது. நிறுவனம் 1972இல் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர, பாம்புக்குழி காலியானது. மார்வின் 1984 ஏப்ரல் 1 அன்று, 45ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், சொந்த அப்பாவின் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். ஆல்பத்தின் மதிப்போ ஏறிக்கொண்டே போனது. 1985இல் பிரிட்டனின் என்.எம்.இ. இதழின் எழுத்தாளர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆல்பமாக இதைத் தேர்ந்தார்கள். ரோலிங் ஸ்டோன் இதழின் 500 ஆல்பங்கள் பட்டியலில் 2003இல் ஆறாவதாக இருந்தது, 2020இல் முதலாவதாக வந்தது. இந்த மாதிரிப் பட்டியல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனாலும் 49 வருடம் கழித்து ஒரு ஆல்பம் மேலே ஏறுகிறது என்றால், அதைக் கேட்பவர்கள் மாறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டேப் அதே டேப்தான்.

தலைப்பு கேள்வி போல இருந்தாலும் அட்டையில் கேள்விக்குறி கிடையாது. என்ன நடக்கிறது என்று மார்வின் கேட்கவில்லை, நடப்பதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாக, முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். கடைசிப் பாட்டு நகரத்து ஏழைகளைப் பற்றியது. வரி கட்ட முடியாதவனின் புலம்பல், அடியில் மெல்லிய கை முரசு. அது தேய்ந்து முடியப்போகிறது என்று நினைக்கும்போது தாளம் விலகி, பியானோவின் மேல் ஒரு பழைய மெட்டு திரும்பி வரும். அம்மாவைக் கூப்பிடும் அதே குரல்.